அறுபதில் யோகா வகுப்பில் சேரப் போகிறீர்களா? பாய் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பணி ஓய்வு பெற்ற நாலாவது மாதம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே பேன்ட்டுக்குள் காலை நுழைத்தேன். உடம்பு ஆட்டம் கண்டு பீரோமேல் போய்ச் சாய்ந்தது. அடி ஒன்றும் படவில்லை. பீரோ கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். முப்பத்தைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்தவன், ஒற்றைக் காலில் நிற்கக்கூட ஆகவில்லை.

மறுநாளே ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். தள்ளுபடி என்றார்கள் என்று ஒரு வருடக் கட்டணம் 12,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். என் வயதையோ வியாதியையோ யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், தோளை ஊன்றி உடம்பையும் காலையும் மேலே தூக்கி நிறுத்தும் சர்வாங்காசனம். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் காலைத் தூக்கினான், எனக்கும் ரோஷம் வந்தது. அதன் பலன் ஒன்றரை மாதம் கழுத்துப் பட்டை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒவ்வொன்றாக விசாரித்து, சரியான வரிசையில் மறுபடி தொடங்கினேன். இப்போது எனக்கு அறுபத்து மூன்று. நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐம்பத்தைந்து தாண்டி, இதுவரை யோகா பக்கமே போகாதவர்களுக்கு இது.

1. வீட்டிலேயே ஒரு சோதனை

செலவு: இல்லை. நேரம்: பத்து நிமிடம்.

சமையல் மேடைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நில்லுங்கள். வீட்டில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி, எத்தனை வினாடி நிற்க முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஆடினால் உடனே மேடையைப் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் மறு கால். இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எனக்கு முதல் நாள் வலது கால் 6 வினாடி, இடது கால் 4.

பத்து வினாடி என்பது ஒரு நல்ல கோடு. 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த பிரேசில் ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களில், பிந்தைய ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. நிற்க முடியாததால் யாரும் சாவதில்லை, உடம்புக்குள் வேறு எதுவோ தளர்ந்திருப்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதனால் 4 வினாடி என்று வந்ததற்காக அன்றைக்குச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டாம் (நான் உட்கார்ந்தேன்).

இரண்டாவது சோதனை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? மூன்றாவது: தரையில் உட்கார்ந்து, பிறர் கை கொடுக்காமல் எழ முடிகிறதா? எழ முடியவில்லை என்றால் தரையில் செய்யும் வகுப்பு இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம், நாற்காலியில் தொடங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

2. ஃபைல் ஒன்று போடுங்கள்

பத்து ரூபாய் ஃபைல் போதும். உள்ளே இருக்க வேண்டியவை:

- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், அளவோடும் நேரத்தோடும். பிரஷர், சுகர் மாத்திரைகளை எழுதிவிட்டு புராஸ்டேட் மாத்திரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டாம்சுலோசின் போன்றவை, படுத்து எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக்கூடியவை. மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் முடிந்து துள்ளி எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது இதனாலும் இருக்கலாம்.
- கடைசியாக எடுத்த இரத்த, சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள், ஈசிஜி.
- அறுவைச் சிகிச்சை ஏதும் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி நகல். குடலிறக்கம், மூட்டு மாற்று, ஸ்டென்ட், கண்புரை எல்லாமே கணக்கு. 'அது பத்து வருடம் முன்னால் நடந்தது' என்று விட்டுவிடாதீர்கள்.
- கண் அழுத்தம் பார்த்த சீட்டு. இதற்கு மட்டும் நான் தனியாகக் கண் மருத்துவரிடம் போனேன், 500 ரூபாய் ஆனது. போனது நல்லதாயிற்று. தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து, அந்த நோய் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தலையைக் கீழே தொங்கவிடும் மற்ற ஆசனங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.
- எலும்பு அடர்த்திச் சோதனை, அதாவது டெக்ஸா ஸ்கேன். எல்லாருக்கும் தேவையில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள், லேசாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என் மனைவிக்கு எடுத்தபோது 1,800 ரூபாய். அந்த ஸ்கேன் முடிவில் வரும் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அப்படி இருந்தால் குனிந்து கால் விரலைத் தொடுகிற ஆசனங்கள் கூடவே கூடாது. முதுகெலும்பு முன்பக்கம் வளையும்போது நொறுங்கிப்போன கதைகள் உண்டு.

ஃபைலின் நகல் ஒன்றை ஆசிரியரிடம் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்டினால் போதும், கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஆதார் நகல் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

3. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

'யோகா செய்யலாமா டாக்டர்?' என்று கேட்டால் 'தாராளமாகச் செய்யுங்கள்' என்றுதான் பதில் வரும். என் கழுத்து போவதற்கு முன்னால் நானும் வேறொரு காரணத்துக்காக ஒரு மருத்துவரிடம் போயிருந்தபோது அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் சொன்னார். அவர் மனதில் இருந்தது பூங்காவில் கை காலை நீட்டி மடக்குவது. என் மனதில் இருந்தது சர்வாங்காசனம்.

இப்படிக் கேளுங்கள்: தலை இதயத்துக்குக் கீழே போகலாமா? மூச்சை உள்ளே நிறுத்தலாமா? வயிற்றை வேகமாக உள்ளிழுக்கும் கபாலபாதி செய்யலாமா? முழங்காலை மடித்து உட்காரலாமா? முன்னால் எவ்வளவு குனியலாம்? வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாமா?

இந்த ஆறு கேள்விக்கும் பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள், குடலிறக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மூச்சை அடக்குவதும் கபாலபாதியும் பெரும்பாலும் வேண்டாம் என்றே வரும். கடைசிக் கேள்வி சுகர்காரர்களுக்கு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பயிற்சி செய்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வையும் நடுக்கமும் வரும்போது அதை 'உடம்பில் சக்தி ஏறுகிறது' என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். பையில் நாலு கல்கண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமா? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அங்கே இருப்பவர்கள் பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் படிப்பு முடித்த மருத்துவர்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டால் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் இரண்டாவது முறை அங்கேதான் தொடங்கினேன். முதல் முறையே அங்கே போயிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

4. எங்கே சேர்வது

ஊரில் நாலு வகை இடம் இருக்கும்.

மனவளக்கலை மன்றங்கள் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் உண்டு. வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சி கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியாகப் போகும். எங்கள் ஊர் மன்றத்தில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், செலவும் குறைவு. ஒன்று மட்டும்: அங்கேயும் கபாலபாதி வரும், உங்கள் சீட்டைக் காட்டி அதை விட்டுவிடுங்கள். தியானத்தில் நாட்டம் இல்லாதவர்களுக்கு உட்கார்ந்திருக்கும் நேரம் நீளமாகத் தெரியலாம்.

தனிப் பயிற்சி இரண்டாவது. ஆளைப் பார்த்து அவருக்கென்று பயிற்சி வகுத்துக் கொடுப்பார்கள். சென்னையில் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இந்த முறைக்குப் பெயர் போனது. மற்ற ஊர்களிலும் இதே வழியில் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் கொடுத்தேன். தினமும் வரச் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை வந்து பார்க்கட்டும், மற்ற நாள் நீங்களே செய்யலாம். மாதம் 2,000 ரூபாயில் முடிந்தது.

மூன்றாவது, தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்டூடியோ வகுப்புகள். நான் விசாரித்த ஆறு இடங்களில் மாதம் 800 முதல் 1,500 வரை சொன்னார்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் உங்களை யாரும் கவனிக்கப்போவதில்லை. பத்துப் பேருக்கு மேல் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நாலாவது, வீடியோ பார்த்துச் செய்வது. இலவசம்தான். ஆனால் திரையில் இருப்பவர் உங்கள் முழங்கால் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. அதோடு கழுத்தைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதம் வேண்டாம்.

ஜூன் 21 யோகா தினத்தன்று மைதானத்தில் கூட்டத்தோடு செய்துவிட்டு அந்த வேகத்தில் அங்கேயே பெயர் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் ஆறப் போடுங்கள்.

5. ஆசிரியரிடம் என்ன கேட்பது

சுவரில் மாட்டியிருக்கும் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்து மயங்காதீர்கள். அதை ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது, அது இருந்தால் நல்லது. அதைவிட முக்கியமான கேள்வி, 'அறுபது தாண்டியவர்கள் உங்களிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள்? அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா?'

அப்புறம் உங்கள் ஃபைலை நீட்டுங்கள். அதைப் பொறுமையாகப் படித்து, இரண்டு கேள்வியாவது திருப்பிக் கேட்பவர் நல்ல ஆசிரியர். 'இதெல்லாம் மூன்று மாதத்தில் சரியாகிவிடும், மாத்திரையே தேவைப்படாது' என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சூரணம், எண்ணெய் விற்பவரிடமும் அப்படியே. இப்போது எனக்குச் சொல்லித்தரும் அம்மா முதல் நாள் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. 'கொஞ்சம் அங்கேயும் இங்கேயும் நடந்து காட்டுங்க சார்' என்றார். நடந்தேன். 'இடது பாதத்தை இழுத்து வைக்கிறீங்களே, எத்தனை நாளா?' என்றார். எனக்கே அது அதுவரை தெரியாது.

6. பணம், படிவம்

முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடத்துக்குக் கட்டினால் மூன்று மாதம் இலவசம் என்பார்கள். நடுவில் காய்ச்சல், பேத்தியின் பிரசவம், காசி யாத்திரை என்று எதுவும் வரலாம். மருத்துவக் காரணத்தால் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை நிற்காது. 'காயம் பட்டால் நாங்கள் பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், உங்கள் வியாதிகளையும் அதே தாளில் எழுதிவிட்டுப் போடுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திர வகுப்புக் கட்டணத்தை மருத்துவக் காப்பீட்டில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாலிசிப் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள்.

7. சாமான்கள்

வழுக்காத பாய் ஒன்று, 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனம். 900 ரூபாய்க்கு வாங்கினேன். கோரைப்பாயும் ஜமுக்காளமும் வீட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றும். டைல்ஸ் தரையில் இரண்டும் வழுக்கும். கை இல்லாத கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ ஒன்று, சுவரை ஒட்டிப் போட. பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது, ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரிந்துவிடும். தலையணை இரண்டு, பழைய பருத்தித் துண்டு ஒன்று. வேட்டி கட்டிக்கொண்டு செய்யாதீர்கள், கால் தடுக்கும்.

8. எந்த நேரம்

பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பலரை ஓட வைத்திருக்கிறார்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதிகாலையில்தான் உடம்பு கட்டையாக இருக்கும், மார்கழியில் கேட்கவே வேண்டாம். பேரனை எட்டேகாலுக்குப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் எனக்கு நேரம். காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, பத்து மணிக்குப் பயிற்சி. முழுச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபிக்கு அரை மணி போதும். மாலை ஐந்தரையும் நல்ல நேரம்தான்.

மின்விசிறி போடக் கூடாது என்று சில இடங்களில் பிடிவாதமாக இருப்பார்கள். கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ஹாலில், பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு அப்படிச் செய்தால் மயக்கம்தான் வரும். மெதுவாகச் சுழல விடுங்கள் என்று கேளுங்கள்.

9. முதல் மூன்று மாதம்

நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்வு என்று மூன்றும் சேர்ந்து வேலை பார்க்கின்றன. வயதாக ஆக மூன்றும் மங்கும். சுகர் பல வருடம் இருந்தால் பாதம் மரத்துவிடும், அப்போது கண்தான் துணை. ஆகவே நின்று செய்யும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள், ஆசிரியரே சொன்னாலும்.

முதல் மாதம் நான் செய்தது இருபது நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை நீட்டுவது. சுவரில் கை வைத்து நேராக நிற்கும் தாடாசனம், குதிகாலை உயர்த்தி இறக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, எட்டு முறை. இதைப் பார்த்துவிட்டு என் நண்பர் ஒருவர் 'இது என்னய்யா யோகா' என்று சிரித்தார். தொடை மறுநாள் பதில் சொன்னது.

இரண்டாவது மாதம் தரைக்குப் போனேன். தரையிலிருந்து எழுவதுதான் முதல் பாடம், அதைத் தனிப் பயிற்சியாகவே செய்யுங்கள். மல்லாந்து படுத்திருந்தால் முதலில் ஒரு பக்கமாக ஒருக்களியுங்கள். மூன்று மூச்சு அப்படியே இருங்கள். மேல்பக்கம் இருக்கும் கையைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். அங்கேயும் மூன்று மூச்சு. அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி நாற்காலி வரை தவழ்ந்து போய், இரண்டு உள்ளங்கையையும் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுங்கள். முழங்கால் வலித்தால் துண்டை நாலாக மடித்துக் கீழே போடுங்கள். மூட்டு மாற்று செய்தவர்கள் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்காமல் முழங்காலை ஊன்ற வேண்டாம். இந்த ஒரு பயிற்சிக்கே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. குளியலறையில் விழுந்துவிட்டால் எழத் தெரியும் என்ற தைரியம் அப்போதுதான் வந்தது.

அதே மாதத்தில் பாலம் போல இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், பாதி உயரம் மட்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சவாசனம். இரண்டு மூக்குத் துவாரத்திலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி, மூச்சை நிறுத்தாமல், ஐந்து நிமிடம்.

மரம் போல ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் மூன்றாவது மாதம். சுவரில் இரண்டு விரல், மடித்த காலின் பெருவிரல் தரையில். படத்தில் இருப்பதுபோலப் பாதத்தைத் தொடையில் ஏற்ற நான் இன்னும் முயலவில்லை. நின்ற காலின் கணுக்கால் உள்ளே துடிப்பதைக் கவனித்துக்கொண்டே நிற்பேன். செல்போனை வேறு அறையில் வைத்துவிடுவேன். ஒருமுறை வாட்ஸ்அப் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினேன், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடையை நிறுத்திவிடாதீர்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு வாரம் மூன்று நாள் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யோகா இரண்டாவதற்கு உதவும், முதலாவதற்கு நடைதான்.

10. வலி வந்தால்

தசை இழுத்துக்கொண்டு மறுநாள் வலிப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தல், கையிலோ காலிலோ மின்சாரம் பாய்வது போல மரமரப்பு, கண்ணில் மின்னல், தலைசுற்றல் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம் என்றால் ஆசிரியரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆசிரியர் முதுகில் கை வைத்து அழுத்த வந்தால் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் குருவிடம் வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். என் கழுத்துப் பட்டைக்குப் பாதிக் காரணம் அந்தக் கூச்சம்தான்.

11. மூன்று மாதம் முடிந்ததும்

ஃபைலை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். பிரஷரும் சர்க்கரையும் குறைந்திருந்தால் மாத்திரையை மாற்றுவது அவர் வேலை. நீங்களாகப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் நாள் செய்த மூன்று சோதனையையும் அதே சமையல் மேடையருகே திரும்பச் செய்து நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் மூன்றாம் மாத முடிவில் வலது 14, இடது 9 என்று இருக்கிறது. இடது இன்னும் பத்தைத் தொடவில்லை என்று அந்த அம்மாவிடம் காட்டினேன். கணுக்கால் சுழற்றுவதை இடதுக்கு மட்டும் இரண்டு மடங்காக்கிக் கொடுத்தார். அடுத்த மாதக் கட்டணத்தை அன்றே கட்டினேன், அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும்.